பதினோரு ஜோடிச் செருப்பு

தையல் கடை,
செவ்வாய்க்கிழமை.

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். மரியாதை முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். மூன்று நாளில் ஐந்து முறை வைத்துவிட்டாய். ஒரு மனுஷனுக்கு அத்தனை மீட்டிங் எங்கிருந்துதான் முளைக்கிறதோ. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, பிரித்தால் படித்துத்தான் ஆகவேண்டும். அதனால்தான் பொத்தானுக்குக் காஜா எடுக்க வேண்டிய நாற்பது சட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் படிப்பு மையத்தைப் பற்றிய உங்கள் நிறுவனத்தின் ஆய்வறிக்கை நேற்று வந்தது. நாலு பக்கம், வழவழப்பான தாள். முதல் பக்கத்திலேயே தெளிவாகப் போட்டிருக்கிறது: மையம் பூட்டியிருந்தது, செயல்பாட்டில் இல்லை, மாணவர் எண்ணிக்கை பூஜ்யம். எனக்கு உடனே கோபம் வரவில்லை. வேறு எந்த ஊர் அறிக்கையோ உறை மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் வாலை நீட்டிப் போட்ட உன் கையெழுத்து. நர்ஸம்மாவிடம் கொடுத்து, இது அவன் கையெழுத்துதானா, என் கண்தான் மங்கிவிட்டதா என்று கேட்டேன். அவள் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

நீ இங்கிருந்து போன இரண்டு வருடத்தில் உனக்கு மறந்து போயிருக்கலாம், நினைவுபடுத்துகிறேன். டயர் கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. ஏறிப் போக இரும்புப் படி. உட்கார, உடைத்துப்போட்ட பேருந்திலிருந்து கழற்றிய இருக்கைகள். கீழே கம்ப்ரசர் ஓடினால் மேலே கத்தித்தான் பாடம் நடத்த வேண்டும். பள்ளிக்கூடம் வெளியே தள்ளிய பிள்ளைகள், வேலைக்குப் போகவேண்டி நின்ற பிள்ளைகள், இவர்கள் உட்கார்ந்து படிக்க ஒரு இடம் வேண்டும் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் என் கடை வாசலில் நின்று நீதான் பேசினாய். டயர் கடைக்காரர் அறையைக் கொடுத்தார். நர்ஸம்மா விடுமுறை நாளில் அறிவியல் சொல்லிக்கொடுக்க வந்தாள். சலூன்காரர் கணக்குக்கு வந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிச் சீருடை தைக்கிற நான், சீருடையே இல்லாத இந்த இடத்துக்கு வரவேற்புக்கும் வசவுக்கும் பொறுப்பாக வந்து சேர்ந்தேன். ஆரம்பித்து வைத்தவன் நீ. இன்றைக்குப் பூஜ்யம் என்று எழுதுகிறவனும் நீ.

சாவிச் சமாச்சாரமும் உன் ஏற்பாடுதான். அந்தப் படிக்கதவுக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி. அந்தச் சாவி கடைசியாக வந்து சேர்ந்த பிள்ளையின் கையில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொன்னாய். வீட்டிலும் வேலையிலும் யாரும் எதையும் நம்பிக் கொடுக்காத பிள்ளைகள், நாமாவது வந்த அன்றைக்கே கொடுப்போம் என்று பெரிய பிரசங்கமே செய்தாய். திறப்பது, பூட்டுவது, தட்டுகிறவர்களை உள்ளே விடுவது எல்லாம் அந்தப் பிள்ளை பொறுப்பு. அடுத்த ஆள் வந்து சேரும்வரை மற்றவர்கள் கதவைத் தொடக்கூடாது. எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. தொலைத்துவிட்டுப் போகப்போகிறார்கள் என்று உன்னைத் திட்டினேன். ஆறு வருடத்தில் ஐம்பத்துமூன்று பேர் கை மாறியும் ஒருத்தரும் தொலைக்கவில்லை.

இப்போது சாவி ரேடியோவிடம் இருக்கிறது. வந்த புதிதில் வாயே திறக்காததால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. பதினாலு வயது. பழைய துணிக் கிடங்கில் சட்டைகளிலிருந்து பொத்தான் வெட்டுகிற வேலையில் இருந்தாள். பெற்றவர்கள் யாரும் இல்லை. இரண்டு முறை அட்டை மாட்டிய ஆட்கள் ஜீப்பில் வந்து காப்பகத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள், இரண்டு முறையும் தப்பி வந்துவிட்டாள். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குகிறவளிடம் என்னத்தைக் கேட்பது. மூன்று மாதமாக என் வீட்டில் உன் கட்டிலில்தான் படுக்கிறாள். இதெல்லாம் உனக்குத் தெரியும், போனில் நானே சொன்னேன்.

அந்த வியாழக்கிழமை என்ன நடந்தது என்று கேள். நான் கடையில் இருந்தேன். டயர் கடைக்காரர் சரக்கு இறக்கப் போயிருந்தார். மேலே பதினோரு பேர். தேர்வு எழுதப் போகிற ஒன்பது பேரும், ரேடியோவும், அவளுக்கு முன்னால் வந்த பேக்கரிப் பையனும். சலூன்காரர் கொடுத்த மாதிரி வினாத்தாளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போன்கள் எல்லாம் வழக்கம்போல் பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தன. பத்து மணிக்கு உங்கள் ஆட்கள் நாலு பேர், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், கழுத்தில் அட்டையும் கையில் கேமராவுமாகப் படியேறி வந்து கதவைத் தட்டினார்கள். ரேடியோ இடுக்கு வழியாகப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். திரும்பி முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு, திறக்கமாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

நாற்பது நிமிடம் வெளியே தட்டல், உள்ளே இவர்கள் சத்தமில்லாமல் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஒன்பது பேரில் மூத்தவள், பெரியவள் என்று கூப்பிடுவோமே, இருபத்துமூன்று வயது, இடுப்பில் பிள்ளை. அவளைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன், நீயாவது அவளை விலக்கிவிட்டுத் திறக்கக்கூடாதா என்று.

“சாவி அவ கையில இருந்துச்சுக்கா,” என்றாள்.

உலகத்தில் வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலாவது இப்படி ஒரு தப்பு நடக்குமா? தப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ரேடியோவையும் திட்டினேன். ஏன்டி, பெயரைச் சொல்லி வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டேன். கூட்டிப்போக வருகிறவர்களும் முதலில் பெயரைத்தான் கேட்பார்கள் என்றாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு போட்டோ. கதவு பூட்டியிருந்ததற்கு ஆதாரமாம். அதை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கதவில் பூட்டே இல்லை. ஆள் இல்லாதபோது பூட்டு வெளியே தொங்கும், ஆள் இருந்தால் உள்ளே ஆணியில் தொங்கும். அந்த ஆணியை அடித்ததே நீ. சரி, அது சின்ன விஷயம், கண்ணில் படவில்லை என்று சொல்வாய். படியில் கிடக்கிற செருப்பு கண்ணில் படவில்லையா? எண்ணிப் பார்த்தேன். பதினோரு ஜோடி. பெரியவளின் வார் அறுந்த செருப்புகூடத் தெரிகிறது, பக்கத்தில் அவள் பிள்ளையின் குட்டிச் செருப்பு தனியாக. பதினோரு ஜோடிச் செருப்பைப் படம் எடுத்து ஒட்டிவிட்டு, கீழே மாணவர் எண்ணிக்கை பூஜ்யம் என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஆட்களுக்கு நம் இடம் தெரியாது, தொலையட்டும். நீ அந்தப் படியில் நாலு வருடம் செருப்பைக் கழற்றியவன். பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

நாலாம் பக்கம் இன்னும் அழகு. போன வருடம்வரை ஒரு தலைமை ஆசிரியர் தயவில் நம் பிள்ளைகள் தனித்தேர்வு எழுதினார்கள். இந்த வருடம், பதிவுபெற்ற நிறுவனம் ஒன்று முத்திரை வைத்துக் கொடுத்தால்தான் விண்ணப்பத்தை வாங்குவார்கள். இருபத்தெட்டாம் தேதி கடைசி. அந்த முத்திரைக்காகத்தான் உங்கள் வாசலுக்கு வந்தோம். நீங்கள் இரண்டு நிபந்தனை போடுகிறீர்கள். ஒன்று, சாவி பொறுப்பான பெரியவர் கையில் இருக்க வேண்டும். இரண்டு, பதினாறு வயதுக்குக் கீழே, பெற்றோர் இல்லாத யாராவது இருந்தால் அரசுக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். இதை நம் கூட்டம் ஏற்றுத் தீர்மானம் போட்டு அனுப்பினால் மறுபரிசீலனை செய்வீர்களாம். இருக்கிற முப்பத்துநாலு பேரில் அப்படி ஒரே ஒருத்திதான் உண்டு. ஆளை நிற்க வைத்து அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது உங்கள் நிபந்தனை. ரேடியோவைப் பற்றி உன்னைத் தவிர வெளி ஆளிடம் நான் மூச்சுவிட்டதில்லை. அவர்களுக்கு யார் சொன்னது? பூசி மெழுகாமல் பதில் எழுது.

சாவியை வேண்டுமானால் நான் வாங்கிக்கொள்கிறேன், வெட்கத்தோடு. பிள்ளையை விட்டுக்கொடுக்கமாட்டேன். நீ அந்த நிறுவனத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாய். எழுந்து நின்று, உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள் என்று சொல். அந்த ஒரு வரிதான் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தில் எழுதியதால் கையெழுத்து கோணலாக இருக்கிறது, விஷயம் கோணல் இல்லை.

உன் அக்கா.

* * *

தையல் கடை,
வெள்ளிக்கிழமை.

தம்பிக்கு,

உன் பதில் வந்தது. தட்டச்சில் வந்தது. உடன்பிறந்தவளுக்கு எழுதுகிற கடிதத்தில் ‘பொருள்’ என்று தலைப்புப் போட்டு அடிக்கோடிட்ட முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். சலூன்காரரிடம் காட்டினேன். கீழே ரப்பர் முத்திரை இல்லையே, செல்லுமா என்று கேட்டார்.

உணர்ச்சிவசப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சரி, படவில்லை. காப்பகம் முன்போல் இல்லை, கட்டில் இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பாடு இருக்கிறது என்கிறாய். அவள் சாப்பாட்டுக்கும் கட்டிலுக்கும் குறைப்பட்டு நம்மிடம் வரவில்லை. இரண்டு முறை சுவர் ஏறிக் குதித்த பிள்ளை எதற்குக் குதித்தாள் என்று உங்கள் நாலு பக்கத்தில் எங்காவது ஒரு கேள்வி இருக்கிறதா? இப்போதைக்கு அனுப்பிவை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாய். இந்தப் ‘பிறகு’ என்கிற சொல்லை நான் நன்றாக அறிவேன். துணியைக் கொடுத்துவிட்டு அளவு பிறகு சொல்கிறேன் என்று போகிறவர்கள் திரும்பி வந்ததே இல்லை.

ரேடியோ சமாச்சாரத்தைச் சொன்னது யார் என்று கேட்டதற்கு, பேச்சுவாக்கில் வெளியே வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். பேச்சுவாக்கில்! ஒரு பெண்பிள்ளையின் விஷயம் உனக்கு டீ குடிக்கும்போது பேசுகிற பேச்சாகப் போய்விட்டதா? எனக்குக் காது குத்தாதே.

போட்டோவைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. திரும்பத் திரும்பப் படித்தேன், செருப்பு என்ற சொல்லே இல்லை.

ஒன்பது பேரின் எதிர்காலத்தை யோசி என்று முடித்திருக்கிறாய். யோசிக்காமலா இருக்கிறேன்? பெரியவளுக்குப் பழைய பாடத்திட்டத்தில் இதுதான் கடைசி வாய்ப்பு. விட்டால் ஐந்து பாடத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே மனப்பாடம் பண்ணுகிறவள். இதையும் தெரிந்துவைத்துக்கொண்டுதான் நீ எழுதுகிறாய் என்பதுதான் என்னைச் சுடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுகிறோம். உன் தீர்மானத்தைப் படித்துக் காட்டுவேன். நம் இடத்தில் எப்படி முடிவெடுப்போம் என்று உனக்குத் தெரியும். பெரியவர், சின்னவர் பார்ப்பதில்லை, அறையில் இருக்கிற எல்லோரும், மற்றவர்கள் பார்க்க, கை தூக்க வேண்டும். எழுதிவைத்துக்கொள், உன் தீர்மானத்துக்கு ஒரு கைகூட எழும்பாது. எழும்பினால் ஒடித்து அடுப்பில் வைப்பேன்.

அக்கா.

* * *

வீடு,
புதன்கிழமை.

தம்பி,

கூட்டம் முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. தீர்மானம் நிறைவேறிவிட்டது. கையெழுத்துப் போட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன். எப்படி நிறைவேறியது என்று சொல்லிவிடுகிறேன், நீ வேறு எங்காவது கேட்பதற்கு முன்னால்.

பிற்பகல் மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். டயர் கடைக்காரர் மரியாதைக்குக் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு மேலே வந்தார். பிள்ளைகள் இருபத்தெட்டு பேர் வந்திருந்தார்கள். ரேடியோவை வராதே என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவளோ எனக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்துவைத்திருந்தாள். ஏன்டி வந்தாய் என்றதற்கு, நானும் இங்கேதானே படிக்கிறேன் என்றாள். ஜன்னலோரம் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அவளை வைத்துக்கொண்டே நான் அந்த இரண்டு நிபந்தனையையும் உரக்கப் படிக்க வேண்டியதாகிவிட்டது. உரக்கப் படிக்கும்போது என் குரல் எனக்கே அந்த ஜீப்பில் வந்தவர்கள் குரல் மாதிரி இருந்தது.

டயர் கடைக்காரர்தான் முதலில் வெடித்தார். முத்திரையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சலூன்காரர் மென்று முழுங்கினார். பிறகு, ஒன்பது பிள்ளைகளுக்கு அடுத்த வருடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர்கள் ஒரு வருடம் சலூனுக்கு வந்து காத்திருக்கிற ஆட்கள் இல்லை, வேலைக்குப் போய்விடுவார்கள், திரும்ப வரமாட்டார்கள் என்றார். உண்மைதான். நமக்கு முன்பே இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறது. நர்ஸம்மா அழுதாள்.

அப்போது பெரியவள் எழுந்தாள். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்காக யாரும் கை தூக்க வேண்டாம், நான் புதுப் பாடத்தையே படித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எவ்வளவு பெரிய வார்த்தை அது. அவளுக்கு ஐந்து பாடமும் எப்படி வந்தது என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். புத்தகத்தை ஆஸ்பத்திரித் துடைப்ப அறையில் ஒளித்துவைத்துப் படித்தவள். அவள் அப்படிச் சொன்னதும்தான் எனக்குப் புத்தி கலங்கியது என்று நினைக்கிறேன். இவளை மறுபடி முதல் பக்கத்துக்கு அனுப்புவதா என்று தோன்றியது. துணி போதாதபோது எந்தப் பக்கம் குறைத்தால் வெளியே தெரியாது என்று பார்க்கிற புத்தி இருபத்தைந்து வருடமாக என் கையில் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் புத்தி வேலை செய்துவிட்டது.

யாரும் தூக்காத கையை நான் தூக்கினேன், தம்பி. நான்தான் முதலில் தூக்கினேன்.

பிறகு சலூன்காரர் தூக்கினார். நர்ஸம்மா தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள். அக்காவே தூக்கிவிட்டார்களே என்று பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். பெரியவளும் இன்னும் ஏழு பேரும் தூக்கவில்லை. டயர் கடைக்காரர் எழுந்து என்னைப் பார்க்காமல் கீழே இறங்கிப் போய்க் கம்ப்ரசரைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் சலூன்காரர் எண்ணினார். எண்ணி முடிக்கிற நேரத்தில் கடைசி இருக்கையிலிருந்து இன்னும் ஒரு கை எழும்பியது. ரேடியோவும் கை தூக்கினாள். பதில் தெரிந்த பிள்ளை தூக்குகிற மாதிரி நேராகத் தூக்கினாள். சலூன்காரர் அதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டியிருந்தது.

எல்லோரும் போனபிறகு சாவியை என் மேஜையில் வைத்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். நான் என்னென்னவோ பேசினேன், காப்பகத்தில் நான் வாராவாரம் வந்து பார்ப்பேன் என்றெல்லாம் உளறினேன். உம் என்று கேட்டுக்கொண்டாள். காலையில் நான் எழுந்தபோது உன் கட்டிலில் போர்வை மடித்துவைத்திருந்தது, ஆள் இல்லை. தீர்மானம் உங்களுக்கு வந்து சேர்ந்ததும் அட்டை மாட்டியவர்கள் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதுவரை உட்கார்ந்திருக்க அவள் என்ன முட்டாளா?

நேற்று தேடிப் போனேன். நெடுந்தூரம் தேட வேண்டியிருக்கவில்லை, அதே பழைய துணிக் கிடங்குதான். கூரை உயரத்துக்குத் துணி மூட்டை, நடுவில் ஒரு பாதை, பாதை முடிகிற இடத்தில் ஏழெட்டுப் பெண்கள் கத்தரியோடு உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி என்னை யார் என்று கேட்டான். அக்கா என்றேன். அவளைக் கேட்டான். ஆமாம் என்றாள். அந்த அளவுக்காவது என்னை விட்டுவைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு சட்டையை எடுத்துப் பொத்தான் வெட்டினேன். கையைச் சும்மா வைத்துக்கொண்டு அவளிடம் பேச எனக்குத் துணிச்சல் இல்லை.

வீட்டுக்கு வா, காப்பகத்துக்கு அனுப்பமாட்டேன், தீர்மானத்தைக் கிழித்துப் போடுகிறேன் என்றேன். அப்படியானால் அந்த ஒன்பது பேர் என்று கேட்டாள். நான் அடுத்த சட்டையை எடுத்தேன். கிழிக்காதீர்கள், பெரியக்கா தேர்வு எழுதட்டும் என்றாள். நான் அழுதேன். கிடங்கில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். கோபமா என் மேல் என்று கேட்டேன். இரண்டு சட்டை முடித்தபிறகுதான் சொன்னாள்.

“நீங்க கை தூக்குனது தப்பில்லக்கா. மொதல்ல தூக்கியிருக்க வேணாம்.”

மூன்று மாதத்தில் அவள் என்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை. போன கடிதத்தில் கையை ஒடிப்பேன் என்று எழுதினேன். இதோ கை ஒடியாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்குப் போய்விட்டது. நீ போட்டோவைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாய். நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கை தூக்கினேன். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் கோபம் போகவில்லை. ஒருத்தியா, ஒன்பது பேரா என்று எங்களைக் கணக்குப் போட வைத்தவர்கள் யார் என்று யோசித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கேள்வியே பொய். கதவு பூட்டியிருந்தது என்கிற பொய்யிலிருந்து பிறந்த கேள்வி. அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் நிபந்தனை வந்திருக்காது, கூட்டம் வந்திருக்காது, ஒரு பதினாலு வயதுப் பெண் தன்னை வெளியே அனுப்பத் தானே கை தூக்கியிருக்கமாட்டாள்.

இன்று இருபத்தொன்று. இன்னும் ஏழு நாள் இருக்கிறது. தீர்மானத்தை உன் கையில் வைக்கிறேன். கை தூக்கிய எல்லோர் கையெழுத்தும் இருக்கிறது, அவளுடையதும் இருக்கிறது, கோணல் எழுத்தில் கடைசியில். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒன்பது பேருக்கு முத்திரை கிடைக்கும், அந்தப் பிள்ளை கிடங்கில் இருப்பாள், அட்டை மாட்டியவர்கள் அங்கேயும் வந்தால் வேறு கிடங்குக்கு ஓடுவாள். அப்படியும் செய்யலாம், யாரும் உன்னைக் கேட்கமாட்டார்கள். இல்லாவிட்டால் அதை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு உங்கள் பெரியவர்களிடம் அந்தப் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டு. செருப்பை எண்ணச் சொல். நாங்கள் போனபோது உள்ளே பதினோரு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள், எங்களைப் பார்த்துப் பயந்துபோய்க் கதவைத் திறக்கவில்லை, முதல் அறிக்கை தவறு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. உன் வேலைக்கு ஆபத்து வரலாம் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். அந்த வரி என் கையில் இருந்தால்தான் மறுபடி அந்தக் கிடங்குக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார எனக்கு முகம் இருக்கும். வெறும் வாயோடு போய் வா என்று கூப்பிட முடியாது, கூப்பிட்டாலும் அவள் வரமாட்டாள்.

இதுவரை உன்னை எதற்கும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன்.

உன் மனைவி போனில் சொன்னாள், மகள் அடுத்த மாதம் முதல் வகுப்பில் சேர்கிறாளாம். சந்தோஷம். சீருடையைக் கடையில் வாங்காதே, தோள் இடிக்கும், நான் தைத்து அனுப்புகிறேன். தோள், மார்பு, உயரம் மூன்றும் வேண்டும். அந்த ஒரு வரியை எழுதிவிட்டு அளவை அனுப்பு. எழுதாவிட்டால் அனுப்பாதே.

இல்லை, எழுதாவிட்டாலும் அனுப்பு. பிள்ளை என்ன பாவம் செய்தது. அவள் நன்றாகப் படித்து நன்றாக இருக்கட்டும்.

அக்கா.